கை கொடுத்துப் பார்த்த சனிக்கிழமை

கோல்கீப்பர் கையுறைகளை மகள், அறையைச் சூடாக்கும் ஹீற்றரின் மேல் காயப் போட்டிருக்கிறாள். ஈர ரப்பர் வாடையில் வீடே நாறுகிறது. எனக்கு அப்பாவின் சந்தேகம் பிடித்த முகம்தான் ஞாபகம் வருகிறது.

நான் சிறுமியாக இருந்தபோது, ஜேர்மனியின் டோர்ட்மண்டில் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துப் பிள்ளைகளைப் பழக்க ஒரு பிரேசில்காரர் வந்தார். தன் நாட்டுக்கே கோல் காத்தவர், பிறகு பெரிய அணிகளுக்குப் பயிற்சியாளர் என்றார்கள்.

"அப்பிடிப்பட்ட ஆள் இந்தச் சேத்துக்குள்ள ஏன் வாறார்? ஆரோ பேய்க்காட்டி ஏமாத்துறான்," என்றார் அப்பா.

அப்பா யாழ்ப்பாணத்துக் கட்டாந்தரையில் வெறுங்கையோடு கோல் காத்தவர். அவருடைய சுண்டுவிரல் வெளிப்பக்கம் வளைந்து நிற்கும். "கோல் காத்தவன்ர விரல் நேரா இராது. கை குடுத்தாத் தெரிஞ்சிடும்," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஒரு சனிக்கிழமை மைதானத்துக்கு வந்தார்.

பிரேசில்காரர் கையுறையைக் கழற்றிக் கை நீட்டினார். மீன் வாங்குகிறவர் செவுளைப் பார்ப்பதுபோல அப்பா அந்த விரல்களைத் தடவினார். எல்லாம் நேராகவே இருந்தன. 'பிடிச்சிட்டன்' என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஆனால் அந்த மனிதரும் கையை விடவில்லை. அப்பாவின் சுண்டுவிரலை மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு, உடைந்த டொச் மொழியில் கேட்டார்: "நீங்களும் கோல்கீப்பரா?"

ஜேர்மனிக்கு வந்தபிறகு அப்பாவிடம் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. வீடு வரும் வழியில், "ஆள் கள்ளனில்லை," என்று மட்டும் சொன்னார்.

"அம்மா, எங்கட புதுப் பயிற்சியாளர் முந்திப் பெரிய கோல்கீப்பராம்," என்கிறாள் மகள், ஹீற்றரில் கையுறைகளைத் திருப்பிப் போட்டபடி.

"ஓம், ஓம்," என்கிறேன். "நாளைக்கு நானும் வாறன். ஒருக்காக் கை குடுக்கவேணும்."