அருவி ஸ்டேஜ்

எங்கள் தெருவில் மிலிட்டரிக்காரர் இருந்த வீடு எங்கள் வீடு மட்டும்தான். அந்தப் பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவாது. அக்காவைக் கட்டிய அத்தான், எல்லையில் சண்டை ஓய்ந்த பிறகு கோவில்பட்டிக்கு லீவில் வந்திருந்தார். வந்தவர் சண்டைக் கதை ஒன்றுகூடச் சொல்லவில்லை. வாசல் பக்கம் கட்டிலைப் போட்டு, வெடித்துக் கிடந்த கரிசல் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடப் போனவர் ஒருவர் மலையிலிருந்து திரும்பவில்லை என்று அக்கா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதற்காக வீட்டில் டி.வி. போடக்கூடாது என்று சொன்னால் என்ன நியாயம்?

தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சியின் மகன் என் வகுப்புதான். அவனிடம் டி.வி. கேம் இருந்தது. இரண்டு சிப்பாய்கள் சேர்ந்து சுட்டுக்கொண்டே போகிற ஆட்டம். அதில் அருவி ஸ்டேஜைத் தாண்டியவர் தெருவில் யாருமில்லை. என் அத்தான் ஊதித் தள்ளிவிடுவார் என்று நான் அளந்துவிட்டிருந்தேன்.

“தாண்டலேன்னா, இனிமே மிலிட்டரி வீடுன்னு நீ வாயத் தொறக்கப்படாதுலே” என்றான் அவன்.

அக்கா துவைக்கப் போன நேரம் பார்த்து கேம் பெட்டியை எங்கள் டி.வி.யில் மாட்டினோம். தெருப் பையன்கள் வீடு கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் கெஞ்சியதில் அத்தான் ஆட்டத்து ரிமோட் ஒன்றை வாங்கிக்கொண்டார்; இன்னொன்று என் கையில்.

குண்டு வருவதற்கு முன்பே அவருடைய சிப்பாய் படுத்துக்கொண்டான். பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எப்படியோ அருவிக்கு வந்து சேர்ந்தோம். பாறைக்குப் பாறை தாவி மேலே ஏற வேண்டும். நான் விறுவிறுவென்று ஏறினேன். கீழே நின்ற அவர் ஆள் செத்துப்போனான்.

“என்னாச்சு மாப்ளே?”

“நான் ஏறுனா படமும் மேல போயிரும் அத்தான். கீழ நிக்கவிய செத்துருவாவ.”

“மேல போறவன் நின்னு கூட்டிட்டுப் போகப்படாதா?”

“நின்னா அவனும் சாவான்.”

அடுத்த லைஃபில் அவர் முந்திக்கொண்டார். கை பழகிவிட்டதென்று எனக்கு ஒரே சந்தோஷம். பாதி அருவியில் என் ஆள் பின்தங்கிவிட்டான். அத்தான் அப்படியே நின்றுவிட்டார். ஏறுங்க, ஏறுங்க என்று கத்தினேன். “நீ வா” என்றார். குண்டு பட்டு அவர் ஆள் விழுந்தான். கடைசி லைஃபில் அதைவிடக் கூத்து. என்னைக் கூட்டிவரக் கீழேயே குதித்தார். படத்தை விட்டுக் கீழே குதித்தால் சாவுதான். ஆட்டம் முடிந்தது.

பையன்கள் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. அண்ணாச்சி மகன் பெட்டியைச் சுருட்டிக்கொண்டு போனான். எனக்கு அவமானத்தில் அழுகை முட்டியது.

“நீங்க மிலிட்டரியே இல்ல” என்று கத்தினேன்.

ஈரக் கையோடு வந்த அக்கா பளாரென்று ஓர் அறை விட்டாள். அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை.

“அவன அடிக்காத. நான் அன்னைக்கு எறங்கியிருக்கணும்” என்றார் அத்தான்.

இன்றைய ஆட்டத்தைப் போய் அன்றைக்கு என்கிறாரே என்று எனக்குக் குழப்பம். அழுகையோடு அழுகையாக, “எப்படி எறங்குவிய? ஏறுனப்புறம் கீழ எடமே கெடையாது. எறங்குனா நீங்களும் செத்துருவிய, அவனும் வர மாட்டான். யாராலயும் முடியாது அத்தான்” என்றேன்.

அவர் என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

“இன்னொரு தடவ சொல்லு மாப்ளே.”

சொன்னேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அக்கா சுவரோரம் நின்று முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். அறை வாங்கியவன் நான், அவள் எதற்கு அழுகிறாள் என்று தெரியவில்லை. பொடிப்பயல்களுக்கே தெரிந்த இந்த லேசான விஷயம், ஒரு மிலிட்டரிக்காரருக்கு ஏன் மண்டையில் ஏறமாட்டேன் என்கிறது என்பதும் எனக்கு விளங்கவில்லை.