வெந்நீர் அக்காவின் ஜெபம்

“ஜெபிக்கிறேன்னு சொல்றாங்க, ஜெபிக்க மாட்டேங்கிறாங்க. அதுக்கு ‘நேரமில்லை’ன்னு சொல்லிட்டுப் போனா என்ன, வாய் கோணிக்குமா?”

தலையணை உறைகளை உதறி அடுக்கியபடி வெந்நீர் அக்கா இதைச் சொல்லாத நாள் கிடையாது. உறைக்கு ஓர் உதறல், உதறலுக்கு ஒரு வார்த்தை. கேட்க ஆள் இல்லாவிட்டால் சலவை எந்திரத்திடம் சொல்வார். அது வயிற்றைக் கலக்கிக்கொண்டு சுற்றும். ஆமோதிக்கிறது என்று எடுத்துக்கொள்வார்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவருக்கு இருபத்திரண்டு வருடம். கொதிநீர்க் குழாய்ப் பக்கம் நிற்பதால் வந்த பட்டப்பெயர் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். அந்த நம்பிக்கையை யாரும் கெடுக்கவில்லை. அவர் கணவர் பஸ் ஓட்டுகிறவர், ஹாரன் அடிக்கக்கூட யோசிக்கிற மனிதர். “பைபிள் சொல்ற ஆவியின் கனி ஒன்பதுல இவளுக்கு எட்டு பழுத்தாச்சு. சாந்தம் மட்டும் இன்னும் பிஞ்சாவே இருக்கு” என்பார். “அது பழுக்கணும்னு நீங்க ஒரு நாளாவது ஜெபிச்சீங்களா?” என்று அக்கா திரும்பினால், மனிதர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

‘ஜெபத்துல நெனச்சுக்கோங்க அக்கா’ என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு அவரிடம் யாரும் தப்ப முடியாது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே கண்ணை மூடிவிடுவார். படிக்கட்டானால் படிக்கட்டு, லிப்ட் ஆனால் லிப்ட். லிப்ட் மேலே போய்க் கீழே வந்தாலும் ஜெபம் முடியாது. ஏனென்றால் அக்கா பொத்தாம்பொதுவாகக் கேட்க மாட்டார். கேட்டவருடைய மைத்துனருக்கு, மூத்தவர் அல்ல, இரண்டாமவர், இடது முட்டி, படி ஏறும்போது மட்டும் வலி, இறங்கும்போது இல்லை என்று கூரியர்காரருக்கு விலாசம் சொல்வதுபோல் சொல்லுவார். ஆண்டவருக்கு இதெல்லாம் தெரியாதா என்று ஒரு நர்ஸ் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

“அவருக்குத் தெரியும்மா. எனக்குத் தெரியணும்ல. யாருக்கு, என்னன்னு தெரியாம அனுப்புறதுக்கு அது என்ன விலாசமில்லாத கடுதாசியா?”

நான்கு நாள் கழித்து, முட்டி எப்படி இருக்கிறது என்று மைத்துனரை விசாரிப்பார். மைத்துனரே மறந்திருப்பார்.

விரிப்பில் லேசாகக் கறை தெரிந்தால் திரும்பத் தொட்டிக்குள் போட்டுவிடுவார். சோப்பு தீர்ந்துவிடும் என்று முணுமுணுத்தால், ‘அந்தக் கட்டில்ல ஆண்டவர் படுத்திருக்காருன்னு நெனச்சுப் பாரு, இதையா விரிப்பே?’ என்பார். ஒருமுறை விரிப்புக்குள் சுருண்டு ஒரு பல்செட் வந்தது. அதைக் காகிதத்தில் பொதிந்து, சாப்பாட்டு வேளையை விட்டுவிட்டு மூன்று மாடி ஏறி, கட்டில் கட்டிலாகக் கிழவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டே போய் உரியவரிடம் சேர்த்தார். வாய் திறக்க மறுத்த இருவருக்கும் தனித்தனியே திட்டு கிடைத்தது.

இப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த சூப்பர்வைசர் அவர் போகிற அதே கிறிஸ்தவ சபைக்காரர், பாட்டுக் குழுவின் முதல் குரல். அக்காவைவிடப் பத்து வயது இளையவர். அவர் பேச்சே பாதி ராகம். “பிரியமான அக்கா, இன்னைக்குக் கர்த்தர் நமக்கு நாப்பது மூட்டை கொடுத்திருக்காரு” என்று இழுப்பார். கொடுத்தது கர்த்தரா, மூன்றாம் மாடியா என்று அக்கா உறையை உதறுவார்.

அங்கே இரண்டு பெரிய தேய்ப்பு எந்திரங்கள் உண்டு. ரோலர் என்பார்கள். ஈர விரிப்பை இந்தப் பக்கம் விட்டால், கொதிக்கும் உருளைகளுக்கு நடுவே போய் அந்தப் பக்கம் மொரமொரவென்று வந்து விழும். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி. விரல் பட்டால் எந்திரம் நின்றுவிடும். சுருங்கிய துணி பட்டாலும் நின்றுவிடும், அதுதான் சூப்பர்வைசருக்குப் பொறுக்கவில்லை. இரண்டாம் ரோலரின் கம்பியைக் கழற்றி ஒரு சாக்கில் சுற்றித் துணி அலமாரிக்கு மேலே போட்டுவிட்டார்.

அக்கா கேட்காமல் இல்லை. கம்பியை மாட்டிவிடு தம்பி என்றார். “ஜெபிச்சுட்டுத்தானேக்கா சுவிட்ச் போடுறோம். விசுவாசம் வேணும்க்கா” என்று பதில் வந்தது. அந்த வார்த்தையைக் காட்டி வாயடைப்பார்கள் என்று அக்கா எதிர்பார்க்கவில்லை. எதிர்த்துப் பேசினால் விசுவாசம் இல்லாதவள் ஆகிவிடுவோமோ என்று பேசாமல் குழாயடிக்குத் திரும்பிவிட்டார்.

மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. நான்காவது வாரச் செவ்வாய்க்கிழமை, ரோலரில் துணி விடுகிற பெண்ணின் வலது கை விரிப்போடு சேர்ந்து உள்ளே போனது. வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நான்கு விரல்கள் வெந்துபோயின.

சாயங்காலம் அக்கா அவளைப் பார்க்க மூன்றாவது வார்டுக்குப் போனார். எந்தச் சபைக்கும் போகாத பெண் அவள். கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, அக்கா பிடித்துக்கொண்ட தம்ளரிலிருந்து தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டு, “நான்தான் கவனமில்லாம இருந்துட்டேனாக்கா? சூப்பர்வைசர் அண்ணன் அப்படித்தான் சொல்றாரு” என்றாள். லிப்டில்கூட ஜெபிக்கிற அக்கா அன்றைக்கு ஜெபிக்கவில்லை. தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டார்.

மறுநாள் காலைக்குள் அறிக்கை தயாராகிவிட்டது. தடுப்புக் கம்பி இருந்தது, பணியாளரின் அஜாக்கிரதையே காரணம் என்று எழுதியிருந்தது. அது அப்படியே மேலே போனால் அவளுக்கு வைத்தியச் செலவும் கிடையாது, வேலையும் கிடையாது. விபத்து நேரத்தில் அங்கே இருந்த இருவர் கையெழுத்துப் போட வேண்டும். மூட்டை வண்டி தள்ளுகிறவர் தலையைக் குனிந்தபடி போட்டுவிட்டார். மிச்சம் அக்கா. ஓய்வு பெற அவருக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. போடாவிட்டால் அது முப்பது வருடமாகத் தெரியும் என்று சூப்பர்வைசர் மிக மிருதுவாக விளக்கியிருந்தார்.

அது சபை நடத்துகிற ஆஸ்பத்திரி. எந்திரங்களை ஓடவிடுவதற்கு முன் ஐந்து நிமிட ஜெபம் உண்டு. அன்றைக்கு நிர்வாகியும் அறிக்கையை அட்டையில் செருகிக்கொண்டு வந்து நின்றார். சூப்பர்வைசர் குரலில் தேனைக் குழைத்தார். “பிரியமானவங்களே, அடிபட்ட நம்ம தங்கச்சிக்காக ஜெபிப்போம். அக்கா, நீங்களே நடத்துங்க.”

அவர் செய்த பிழை இதுதான். அக்கா எப்படி ஜெபிப்பார் என்று ஊருக்கே தெரியும். அந்த ஒரு நிமிடம் அது அவருக்கு மட்டும் மறந்துவிட்டது. எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

“ஆண்டவரே, எங்க ரோலர்ல துணி விடுற பொண்ணு. வலது கை, நாலு விரல்.”

ஆமென் என்றார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆமென் சொல்வது அங்கே வழக்கம். எல்லோரையும் முந்திக்கொண்டு ராகத்தோடு வந்தது சூப்பர்வைசரின் ஆமென்.

“செவ்வாய்க்கிழமை, பத்தே கால் மணி, ரெண்டாம் ரோலர்.”

ஆமென்.

“தடுப்புக் கம்பி அதுல இல்ல. மூணு வாரமா இல்ல. துணி அலமாரிக்கு மேல சாக்குல சுத்திக் கெடக்கு.”

பழக்கம் பொல்லாதது. இதற்கும் முதல் ஆமென் சூப்பர்வைசருடையதுதான். முக்கால் ராகம் போன பிறகுதான் அது பிரேக் போட்ட பஸ்போல் நின்றது. மற்றவர்களில் பாதிப்பேர் கண்ணைத் திறந்துவிட்டார்கள். அக்கா கண்ணைத் திறக்கவில்லை.

“கழட்டினது உம்முடைய பிள்ளை, எங்க சூப்பர்வைசர் தம்பி. அதைப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்ததும் உம்முடைய பிள்ளைதான், நான். உம்ம பேரைச் சொல்லித்தான் அவன் கம்பியைக் கழட்டினான். உம்ம பேரைக் கேட்டுத்தான் நானும் சும்மா இருந்தேன். உம்மை அறியாத அந்தப் பொண்ணு, தன்மேலதான் தப்பான்னு எங்கிட்ட கேக்குது. எங்களுக்குக் கொஞ்சம் வெட்கத்தைக் கொடும் ஆண்டவரே.”

இந்த முறை ஒரே ஓர் ஆமென்தான் வந்தது, கரகரப்பாக. மூட்டை வண்டிக்காரருடையது. கண்ணைத் திறந்ததும் அவர் நேரே நிர்வாகியிடம் போய், தன் கையெழுத்தை அடித்துவிட வேண்டும், பேனா கொடுங்கள் என்றார். நிர்வாகி பேனாவை அவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அலமாரி மேல் கையை விட்டுத் துழாவினார். சாக்கு வந்தது. அதற்குள்ளிருந்து கம்பியும் வந்தது. அறிக்கையை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டாம் ரோலரை யாரும் தொடக் கூடாது என்றார். நடந்ததை நடந்தபடி எழுதித் தரும்படி அக்காவிடமும் வண்டிக்காரரிடமும் இரண்டு வெள்ளைத் தாள்களை நீட்டினார்.

எல்லோரும் கலைந்த பிறகு சூப்பர்வைசர் குழாயடிக்கு வந்தார். குரலில் ராகம் இல்லை. ராகம் இல்லாமல் கேட்டால் அது சாதாரண, பயந்த குரல். ஜெபத்திலா பழிவாங்குவது, ஒரே சபையில் இருந்துகொண்டு மன்னிக்கக் கூடாதா, அந்தப் பெண்ணுக்காகத் தானும் அழுது அழுது ஜெபித்தது ஆண்டவருக்குத் தெரியாதா என்றெல்லாம் கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அக்கா குழாயை மூடினார்.

“மன்னிச்சாச்சு தம்பி. பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான், ஆனா மன்னிச்சாச்சு. ஞாயித்துக்கிழமை உன் பக்கத்துலயே நின்னு பாடுறேன். ஆனா வெந்தது என் கை இல்லையே. மூணாவது வார்டு, ஜன்னலோரக் கட்டில். போய் அவகிட்ட கேளு. அழாம கேளு. நீ அழுதா அந்தப் பொண்ணு உன் கண்ணைத் துடைக்கப் பாக்கும், அதுக்கு இப்போ கையில்ல.”