ஓட்டு இல்லாதவர்களுக்கு இரண்டு தேர்தல்

காலை ஐந்தரை மணி. ஒரு குழாய், நாற்பது வாளி. முதல் வாளி அந்தோணிசாமியுடையது. மாணவத் தொழிலில் பொழுது இப்படித்தான் விடியும். சம்பளம் கிடையாது; வேலைநிறுத்தம் செய்தால் நட்டம் நமக்குத்தான்; பருப்புக் கறியில் பருப்பைத் தேடினால் அது ஒழுங்கீனம். விடுதிச் சோறு தின்று தேறிய அன்பர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

நான் சொல்ல வந்தது 1960ஆம் வருடத்துச் சங்கதி. அப்போது இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் ஒரு கல்லூரி விடுதியில் தங்கி எச்.எஸ்.சி. படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரே வருடத்தில் நாடு இரண்டு பொதுத் தேர்தல்களை நடத்தியது. எங்களுக்கு இரண்டிலும் ஓட்டு இல்லை. எங்கள் உற்சாகத்துக்கு அது ஒரு தடையாகவும் இல்லை.

குழாயடி

அந்தோணி வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரன். நான் ராகலைப் பக்கம். இரண்டு பேரும் தொழிலாளர் லயத்திலிருந்து வந்தவர்கள். மற்றவர்களுக்கு மாதத்துக்கு ஒரு ஆசை. அவனுக்கு எப்போதும் ஒன்றுதான். அரசாங்க ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர வேண்டும். அதற்கு வேண்டிய மூளை இருந்தது, பரீட்சைச் சித்தி இருந்தது, பிரஜாவுரிமை மட்டும் இருக்கவில்லை. அவன் பிறந்தது இந்த மலையில்தான். ஆனால் 1948ஆம் வருடச் சட்டத்துக்குப் பிறகு இந்த நாட்டில் ஒருவன் தான் மட்டும் பிறந்தால் போதாது, அப்பாவும் இங்கேயே பிறந்திருக்க வேண்டும். அவன் அப்பா பிறந்தது கடலுக்கு அந்தப் பக்கம். ஆகவே அவர் தமக்கும் பிள்ளைக்குமாக விண்ணப்பம் போட்டிருந்தார். போட்டபோது அந்தோணி நான்காம் வகுப்பு. கண்டியில் ஓர் அலுவலகத்தில் அதை இன்னும் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

முதலில் வருகிறவன் சாவகாசமாகக் குளிப்பான். அது குழாயடி நியதி. பின்னால் வாளியோடு விறைத்துக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து ஒருவன் தினமும் கத்துவான்: "டேய் அந்தோணி, கண்டியில ஒம் பைலு நகர்ற மாதிரியே குளிக்கிறியேடா!"

பத்துப் புள்ளி

எங்களுக்கு 'அரசாங்கம்' என்று ஒரு பாடம் இருந்தது. அரசாங்கத்தோடு எங்களுக்கிருந்த ஒரே தொடர்பு அதுதான். அதைக் கற்பித்தவர் யாழ்ப்பாணத்தவரான கனகசபை மாஸ்டர். விடுதிக்கும் அவரே பொறுப்பு. முந்தின வருடம்தான் ஓட்டுப் போடும் வயதை இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைத்திருந்தார்கள். தாமே குறைத்ததுபோல மாஸ்டருக்கு அதில் ஒரு பெருமை. பெப்ரவரியில் ஒரு நாள், "பதினெட்டு வயசு முடிஞ்சவை எல்லாரும் எழும்புங்கோ" என்றார். முக்கால்வாசி வகுப்பு எழுந்து நின்றது. நாட்டின் தலைவிதி இனி இந்தக் கைகளில்தான் இருக்கிறது என்று எங்களைக் காட்டிச் சொன்னார். உட்கார்ந்திருந்த சின்னப் பையன்கள் பொறாமையோடு அண்ணாந்து பார்த்தார்கள்.

"சரி. வாக்காளர் இடாப்பில பேர் இல்லாதவை இருங்கோ" என்றார் அடுத்ததாக. நாங்கள் உட்கார, வாங்குப் பலகைகள் ஒரே நேரத்தில் முனகின. நின்றவன் ஒருவன்தான். மாஸ்டரின் அக்கா மகன். அவனுடைய ஓட்டும் யாழ்ப்பாணத்து மானிப்பாயில். மாஸ்டர் சோக்கை எடுத்து, 'சர்வசன வாக்குரிமையின் நன்மைகள்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டுச் சொன்னார்: "வாக்கு இல்லாட்டிப் பரவாயில்லை, கேள்வி கட்டாயம் வரும். பத்துப் புள்ளி."

தொண்டைக்கு வந்த யோகம்

கடைத்தெருவில் பேக்கரி வைத்திருந்த சிங்கள முதலாளி, பக்கத்துத் தொகுதி வேட்பாளர் ஒருவருக்கு ஆள் திரட்டிக்கொண்டிருந்தார். மாதா கோயிலில் அந்தோணி பாடியதை அவர் தெருவில் நின்றே கேட்டிருக்கிறார். ஒலிபெருக்கிக்கு வேலை வைக்காத குரல் அது. அவனைக் கடைக்குக் கூப்பிட்டு, "ஐயா ஜெயிச்சா தம்பிட கண்டி வேலை ஒரு கிழமைல முடியும்" என்றார். அந்தோணி அன்றே லொறியில் ஏறினான். தின்னப் பனிஸ் ரொட்டி கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு நானும் ஏறினேன்.

சிங்களக் கிராமங்கள் வழியாக "ஜயவேவா!" என்று வெற்றி கோரி முழங்கிக்கொண்டு போனோம். ஓரிடத்தில் ஒரு பெரியவர் எங்களுக்குக் கருப்பட்டியும் தேயிலைச் சாயத்தண்ணீரும் தந்து, தம்பிக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் ஓட்டு என்று அந்தோணியிடம் சிங்களத்தில் கேட்டார். எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை என்றான். அப்படியானால் ஏனப்பா இப்படித் தொண்டையைக் கிழித்துக்கொள்கிறாய் என்று அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். லொறி கிளம்பியது. அந்தோணியின் முகம் விழுந்து கிடந்தது. முதலாளி அவன் தோளில் தட்டினார்: "ஓட்டு அவங்க போடும், சத்தம் நீங்க போடும். எல்லாருக்கும் ஒரு வேலை இருக்கு. அதுதானே தம்பி ஜனநாயகம்?"

சனிக்கிழமைத் துக்கம்

எங்கள் கல்லூரி வாக்குச்சாவடியாகப் போகிறது என்றதும் விடுதி விழாக்கோலம் பூண்டது. லீவு எத்தனை நாள் என்பதில் பந்தயம் நடந்தது. சாமான் ஒதுக்க ஒரு நாள், ஓட்டுக்கு ஒரு நாள், கூட்டிப் பெருக்க ஒரு நாள், களைப்பாற ஒரு நாள் என்று நான்கு வரை போனார்கள். பிறகுதான் மார்ச் மாத வாக்களிப்பு சனிக்கிழமையில் விழுகிறது என்ற செய்தி வந்தது. அன்று இரவு சோறு மிஞ்சியது. கடைசியில் வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் விட்டார்கள். கிடைத்த அரை நாளை வீணாக்காமல் நான் ராகலை பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை நீளக் காற்சட்டையோடு பெரட்டுக்களம் பக்கம் உலாவினேன். வேலைக்குப் பேர் கொடுக்க ஆண்களும் பெண்களும் அங்கே வழக்கம்போல வரிசையாக நின்றார்கள். வேலை பிரித்துக்கொண்டிருந்த கண்டாக்கு ஐயா என்னைக் கண்டுவிட்டார். "என்ன தம்பி, காலேஜு இல்லியா?" என்றார். "எலக்சன் லீவுங்க ஐயா" என்றேன். அவர் வரிசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார். "இங்க யாருக்குய்யா எலக்சன்?" என்றார். வரிசை சிரித்தது. என் அப்பாதான் அதிகமாகச் சிரித்தார். அன்று மாலை வரை நான் கான் வெட்டித் தண்ணீர் ஓட வழி செய்தேன். மண்வெட்டியை என் கையில் கொடுக்கும்போது கண்டாக்கு ஐயா சொன்னது: "ஓட்டு இல்லாதவனுக்கு எதுக்குடா லீவு?"

வடைக்குக் கை தூக்கியது

அந்தோணியின் வேட்பாளர் ஜெயித்தார். வாழ்த்தப் போனவனிடம் "அடுத்த மாதம் வா" என்றார். அடுத்த மாதம் பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டார்கள். நாடெங்கும் கவலை. எங்கள் விடுதியில் மட்டும் கைதட்டல்: ஜூலையில் மறுபடி தேர்தல், அதுவும் புதன்கிழமையில்!

இடையில் எங்கள் மாணவர் சங்கத்துக்கும் தேர்தல் வந்தது. செயலாளராக இருந்தவன் சந்திரன், டவுனில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மகன். அந்தோணி போட்டியிடப்போகிறான் என்று தெரிந்ததும் அவனுக்குத் தூக்கம் போயிற்று. பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தான்: தகப்பனாரும் இதே கல்லூரியில் படித்திருந்தால்தான் மகனுக்குச் சங்கத்தில் ஓட்டு. தீர்மானம் முடிந்தவுடன் தேநீரும் வடையும் உண்டு என்றும் அறிவித்தான். வடை மேசைமேல் வந்துவிட்டிருந்தது; வாசனை கடைசி வாங்கு வரை வந்தது. சட்டென்று முடியட்டும் என்று எல்லோரும் கையைத் தூக்கினோம். தூக்காதவன் அந்தோணி ஒருவன். வடையைக் கடித்த பிறகுதான் ஒருவனுக்கு யோசனை வந்தது: எங்கப்பா எந்தக் காலேஜுக்குடா போனாரு? கணக்குப் பார்த்தால் ஓட்டுள்ளவர்கள் ஐந்து பேர். ஐவரும் டவுன் பையன்கள். சந்திரன் ஏகமனதாகத் தெரிவானான்.

கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய கனகசபை மாஸ்டரிடம் ஓடினோம். இது அநியாயம், இரத்துச் செய்யுங்கள் சேர் என்றோம். மாஸ்டரும் ஒரு வடையைக் கையில் வைத்திருந்தார். நிதானமாகச் சொன்னார்: "நீங்களே கை உயர்த்தி நிறைவேத்தின சட்டம், தம்பியவை. ஆட்சேபனை இருந்தால் செயலாளரிட்டைக் குடுங்கோ."

கொள்கை

பேக்கரி முதலாளி ஜூலைத் தேர்தலில் எதிர்க்கட்சிக்குத் தாவிவிட்டார். காற்று அந்தப் பக்கம் அடிக்கிறது என்பது அவர் விளக்கம். லொறி அதுவே, ஒலிபெருக்கி அதுவே, பனிஸும் அதுவே. முன்னால் கட்டிய சின்னம் மட்டும் வேறு. அந்தோணிக்குக் கொடுத்த வாக்குறுதியும் பழையதுதான். அவன் ஓர் இரவு யோசித்தான். மறுநாள் லொறியில் ஏறினான். மார்ச்சில் யாருக்கு "ஜயவேவா" சொன்னானோ அவரைக் "கள்ளன்" என்று அதே கிராமங்களில், அதே குரலில் முழங்கினான். முதலாளி கட்சி மாறினால் குற்றமில்லை, கத்துகிறவன் மாறினால் ஊர் சிரிக்கிறது. எங்கள் விடுதியும் சிரித்தது. அவன் சாப்பிட வந்தால் "ஜயவேவா" என்று ஒரு மேசை கத்தும், "கள்ளன்" என்று மறு மேசை பதில் சொல்லும்.

மாஸ்டர் அவனைக் கூப்பிட்டு எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்: "மனுசனெண்டால் ஒரு கொள்கை இருக்க வேண்டாமோ, அந்தோணிசாமி?" அந்தோணி கைகட்டி நின்றான். அவன் குரல் அன்று ஒலிபெருக்கிக் குரலாக இல்லை. "கொள்கை வச்சிக்கிறதுக்கு ஓட்டு வேணுங்க சேர். எனக்கு சர்டிபிகேட்டுத்தாங்க வேணும்."

தெரிந்த குரல்

காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அந்தத் தொகுதி அசையவில்லை. மார்ச்சில் ஜெயித்தவரே ஜூலையிலும் ஜெயித்தார். அங்கே மாறியிருந்தவன் அந்தோணி மட்டுந்தான். முதலாளி அடுத்த நாளே மாலையோடு போய்ப் பழைய ஐயாவின் காலில் விழுந்து சமாதானமாகிவிட்டார். "வாங்க தம்பி, ஐயா நல்ல மனுசன், ஒண்ணும் மனசுல வைக்காது" என்று அந்தோணியையும் இழுத்துக்கொண்டு போனார். துணைக்கு நானும் போனேன்.

ஐயா வெள்ளை உடையில், பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தோணி ஒத்திகை பார்த்து வைத்திருந்த சிங்களத்தில், அப்பாவின் விண்ணப்பத்தைப் பற்றிப் பணிவாகச் சொல்லத் தொடங்கினான். இரண்டு வசனம் முடியுமுன் ஐயா கையை உயர்த்தினார். கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ பழைய பாட்டை ஞாபகப்படுத்திக்கொள்கிறவர் மாதிரி தலையை ஆட்டினார். பிறகு சிரித்துக்கொண்டே நல்ல தமிழில் சொன்னார்: "இந்தக் குரல் எனக்குத் தெரியும் தம்பி. போன கிழமை என் வீட்டு வாசலில் நின்று கள்ளன் என்று சொன்னது இதுதானே?"

பதினைந்து மாதம்

யாருடைய தயவும் இல்லாமலே வருடக் கடைசியில் கண்டியிலிருந்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. விடுமுறை நாள் என்பதால் நானும் கூடப் போனேன். அந்தோணியின் அப்பா கோட்டுப் போட்டு, அதற்குள் நடுங்கிக்கொண்டு வந்திருந்தார். விசாரணை அதிகாரி நாகரிகமான மனிதர். உட்காரச் சொன்னார், குரலை உயர்த்தவில்லை. மொழிபெயர்ப்பாளர் மூலம் எப்போது வந்தீர், எந்தத் தோட்டம், என்ன வேலை என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சரியாக இருந்தது. அந்தோணி என் கையை அழுத்தினான். கல்யாணம் எங்கே நடந்தது என்று அதிகாரி கேட்டார். இந்தியாவில், ஊரில் என்றார் அப்பா. எப்போது போனீர், எப்போது திரும்பினீர்? பெரியவர் ஒளிக்கத் தெரியாமல் சொன்னார்: 1939இல் போனது, பெண் பார்த்து, கல்யாணம் முடித்து, அவளையும் கூட்டிக்கொண்டு கப்பலேற வழி பிறக்கப் பதினைந்து மாதம் ஆகிவிட்டது.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டைவிட்டுப் போயிருந்தால் தொடர்ந்து வசித்ததாகாது, சட்டம் அப்படி, மன்னிக்க வேண்டும். அப்பா எழுந்தார், கும்பிட்டார், கதவு வரை போனார். அங்கே நின்று திரும்பி அதிகாரியிடம் ஒரு கேள்வி கேட்டார். அன்று முழுக்க அவர் பேசியதில் அதை மட்டும் மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்க்கவில்லை: "கல்யாணம் கட்டாம திரும்பியிருந்தா குடுத்திருப்பீங்க, சரிங்க ஐயா. அப்ப யாருக்காகங்க நா எழுதிப் போட்டிருப்பேன்?"

அந்தோணி இப்போது டிக்கோயாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில், ஓரறைப் பள்ளிக்கூடத்தில், ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார். நியமித்தவர் தோட்டத்துத் துரை, அரசாங்கம் அல்ல. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி டில்லியில் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் எங்கள் ஆட்களை இத்தனை லட்சம் அங்கே, இத்தனை லட்சம் இங்கே என்று பங்கிட்டுக் கையெழுத்திட்டார்கள். அந்தோணிசாமி எந்த லட்சத்தில் சேர்த்தி என்பதை இதை எழுதும் வரை அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.