ரெண்டாவது பீரோ

ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்கள் அவளை பீரோ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டரில் எதைக் கேட்டாலும் வீட்டுச் சாமானை வைத்தே விளக்குவாள்.

"ஹார்ட் டிஸ்க்னா பீரோ. ரேம்னா காய் நறுக்குற மேடை. மேடை சின்னதா இருந்தா வேலை மெதுவாத்தான் நடக்கும், மெஷினைத் திட்டாதீங்க."

"அப்போ பிரவுசர்?" என்று ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மடக்கப் பார்த்தார்.

"வாசக்கதவு சார். இன்டர்நெட்தான் தெரு. நீங்க கதவையே தெருன்னு நினைச்சுக்கிறீங்க."

கிளவுடுக்கு அவள் விளக்கம், வேறு வீட்டில் வைத்த ரெண்டாவது பீரோ.

அவள் கணவர் லாரி ஓட்டியவர். விபத்தில் அவரோடு அவர் போனும் நொறுங்கியது. வழியிலிருந்து அவர் அனுப்பிய குரல்பதிவுகள் மட்டும் அவள் போனில் மிஞ்சின. "டயர் போச்சு, நாளைக்குத்தான் வருவேன், நீ சாப்பிட்டுப் படு" என்பது போலச் சாதாரணப் பேச்சு. எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றினாள். பிறகு போனில் இடமில்லை என்று வந்தபோது, மேலே இருக்கிறதே என்ற தைரியத்தில் போனில் இருந்ததைத் துடைத்துப் போட்டாள்.

நிறைமாதமாக இருந்த மகள் இன்று காலை கூப்பிட்டாள். "அப்பா குரலை அனுப்பும்மா. வலி வர்றதுக்குள்ள ஒரு தடவை கேக்கணும்."

கிளவுடில் ஒன்றும் இல்லை. அடுத்த சந்து செல்போன் ரிப்பேர்க்காரனிடம் ஓடினாள்.

"அக்கா, நீங்க போட்டது சிங்க். தனியா நகல் வைக்கிற பேக்கப் இல்ல. சிங்க் கண்ணாடி மாதிரி. இந்தப் பக்கம் ஆள் போயிட்டா அந்தப் பக்கமும் இருக்காது."

"அழிச்சது போற குப்பைத்தொட்டியில?"

"அது ஒரு மாசம்தான் வெச்சிருக்கும். நீங்க அழிச்சு எவ்வளவு நாளாச்சு?"

அவள் விரல் விட்டு எண்ணினாள்; ஒரு மாதம் எப்போதோ தாண்டியிருந்தது. அவன் குரலைத் தாழ்த்தினான். "கிளவுடை ஊருக்கே பீரோன்னுதானேக்கா சொல்லி வெச்சிருக்கீங்க."

அப்போதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வாரம் வாத்தியாரிடம் சொல்லியிருந்தாள்: உங்க வீட்டம்மா படமெல்லாம் மேல பத்திரமா இருக்கு, போன்ல அழிச்சிடுங்க.

கடையைப் பூட்டாமலே அவர் வீட்டுக்கு நடந்தாள். அவர் போனை வாங்கிக் குப்பைத்தொட்டியைத் திறந்து மீட்பு பட்டனை அழுத்தினாள். அவருடைய இறந்துபோன மனைவி ஒவ்வொரு படமாகத் திரும்பி வந்தாள். கடைசியில் ஒரு வீடியோ. "கேமராவை நேரா பிடிங்களேன்" என்று அந்த அம்மாள் அதட்டினாள்.

வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உன் வீட்டுக்காரர் குரலும் இப்படிப் பத்திரமா இருக்கும்ல?"

"இல்ல சார்."

வாசலுக்கு வந்து மகளைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் மகள். "அனுப்பிட்டியாம்மா?"