விரல் கட்டையின் வயர்

சலவை ஆலையில் அவருக்கு 'மூணு தரம்' என்று பெயர். மெயினை நிறுத்தி, அதற்குப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகும் மனிதர் வயரைத் தொடமாட்டார். டெஸ்டர் வேலை செய்கிறதா என்று முதலில் கரண்ட் வரும் இன்னொரு பிளக்கில் வைத்துப் பார்ப்பார். பிறகு தொடப்போகிற வயரில் வைப்பார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. நடுவில் டெஸ்டர் பழுதாகியிருந்தால் என்ன செய்வது என்று மறுபடி அந்தப் பிளக்குக்கே போவார். வயரை மாட்டித் திருகியதும் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்ப்பார். எலக்ட்ரானிக் மாட்யூலைக் கையில் எடுக்கும் முன் பேனலின் இரும்பைத் தொட்டுக்கொள்வார், உடம்பில் இருக்கும் துளி மின்சாரம் அதைக் கெடுத்துவிடுமாம். மற்ற எலக்ட்ரீஷியன்கள் சிரிப்பார்கள். ஆனால் தங்கள் வேலையில் சந்தேகம் வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

பயப்படுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. லிஃப்டில் ஏறமாட்டார். ஒருவழிச் சாலையைக் கடக்கும்போதும் இரண்டு பக்கமும் பார்ப்பார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், காஸ் மூடியிருக்கிறதா என்று திரும்பி வருவார். அவர் மனைவி இப்போதெல்லாம் தெருமுனையிலேயே நின்றுகொள்வாள்.

இப்படிப்பட்டவர்தான் அந்தக் காரியத்தைச் செய்தார்.

அந்த ஆலைக்கு ஆஸ்பத்திரிகளிலிருந்து படுக்கை விரிப்புகள் வரும். துவைத்த விரிப்பை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, சூடான இஸ்திரி ரோலருக்குள் கொடுப்பார்கள். ரோலருக்கு முன்னால் குறுக்கே ஒரு மெல்லிய கட்டை ஓடும். பெண்கள் அதை விரல் கட்டை என்பார்கள். அதில் விரல் பட்டால் அந்தக் கணமே ரோலர் நிற்கவேண்டும். அதற்காகக் கட்டையிலிருந்து ஒரு தனி வயர் நேராகப் போய் மோட்டாரின் கரண்டைத் துண்டிக்கும். நடுவில் எதுவும் இருக்கக் கூடாது. இது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள், பாரம் ஏற்றிய தள்ளுவண்டி ஏறி அந்த வயர் நசுங்கிப் போயிற்று. அந்த நீளத்துக்கு ஸ்டோரில் வயர் இல்லை. விரிப்புகள் மலையாகக் குவிந்தன. என்ஜினியர் பின்னால் நின்று நிமிஷத்துக்கு ஒருதரம் "இன்னும் எவ்வளவு நேரம்யா?" என்று கேட்டார். ரோலருக்குப் பக்கத்துப் பெட்டியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு தகவல் மாட்யூல் இருந்தது. கூடத்தின் அந்தக் கோடியிலிருக்கும் கன்ட்ரோலர் என்ற கம்ப்யூட்டருக்கு ஒரே கேபிளில் சேதி சொல்லி, அங்கிருந்து வரும் உத்தரவுப்படி மோட்டாரை ஓட்டுவது அதன் வேலை. அதில் ஓர் இடம் காலியாக இருந்தது. விரல் கட்டையின் வயரை அதில் மாட்டினார். கட்டையை அழுத்தினால் சேதி கன்ட்ரோலருக்குப் போய், 'நிறுத்து' என்று உத்தரவு திரும்பி வந்தது. ரோலர் நின்றது. வழக்கம்போல மூன்று தரம் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை தனி வயர் இழுத்துடறேன் சார்" என்றார். என்ஜினியர் தலையாட்டிவிட்டுப் போனார். எதற்குத் தலையாட்டினோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஆறு மாதம் கழித்து அந்தக் கேபிள் சண்டித்தனம் செய்ய ஆரம்பித்தது. கண் இமைக்கிற நேரம் சேதி அறுந்துபோகும், ரோலர் தானாக நின்றுவிடும். ஒரு நாளைக்குப் பத்துத் தரம். மாட்யூலில் சின்னதாக ஒரு ஸ்விட்ச் உண்டு. மேலே இருந்தால், சேதி அறுந்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். கீழே இருந்தால், கடைசியாக வந்த உத்தரவையே செய்துகொண்டிருக்கும். எல்லாரும் படுத்திய பாட்டில் அவர் அதைக் கீழே தள்ளினார். அன்று முழுக்க ரோலர் ஒருதரம்கூட நிற்கவில்லை. என்ஜினியர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் இரண்டையும் சேர்த்து யோசித்தார். கேபிள் அறுந்திருக்கும் நேரம் பார்த்து ஒரு விரல் கட்டையில் பட்டால்? கட்டை சொல்வது கன்ட்ரோலருக்குக் கேட்காது. கடைசி உத்தரவு 'ஓடு'. ரோலர் ஓடும். அவர் பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்துவிட்டார். வருகிற ஞாயிறு சரிசெய்வது என்று முடிவெடுத்தார். அந்த ஞாயிறு பாய்லர் கெட்டது. அடுத்த ஞாயிறு மச்சினன் வீட்டு விசேஷம். சரிசெய்ய அரைநாள் ரோலரை நிறுத்தவேண்டும், நிறுத்தினால் காரணம் சொல்லவேண்டும், காரணம் அவரேதான். என்ஜினியரின் முகத்தை நினைத்ததும் இன்னொரு ஞாயிறு தள்ளிப்போகும். நாளாக ஆக அந்தப் பயம் பழைய பல்வலி மாதிரி ஆகிவிட்டது. இருக்கும், ஆனால் சாப்பிடலாம், தூங்கலாம்.

அதே ஆலையில் துணி மடிக்கும் பகுதியில் அவர் மனைவிக்கு வேலை. ஒருநாள் சாயங்காலம் அவர் தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"நாளையிலேர்ந்து என்னை ரோலருக்கு மாத்திட்டாங்க. அக்காவுக்கு மூட்டு வலி தாங்கலையாம். என் இடத்துக்கு அவங்க வர்றாங்க."

அக்கா என்பது ரோலரில் வருஷக்கணக்காக நின்ற மூத்த பெண்மணி. ஆலையில் எல்லாருக்குமே அக்கா.

அவர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"நாளைக்கு லீவு போடேன்."

"எதுக்கு?"

"சும்மாதான். உனக்கு அசதியா இருக்குமே."

"எனக்கென்ன அசதி. உங்களுக்குத்தான் மூஞ்சி வெளுத்திருக்கு."

"சரி, கையை மட்டும் கட்டைகிட்ட கொண்டுபோகாதே. ஒரு சாண் தள்ளியே வெச்சுக்கோ."

"ஒரு சாண் தள்ளி வெச்சா துணி தானா நடந்து உள்ள போகுமா?" என்று சிரித்தாள். "அக்கா இத்தனை வருஷம் நிக்கலையா? கட்டைதான் இருக்கே. அதுவும் நீங்க மாட்டின கட்டை."

காலையில் ஆலைக்கு வந்ததிலிருந்து அவரால் ஒரு வேலையும் செய்யமுடியவில்லை. கையில் ஸ்குரூ டிரைவரை வைத்துக்கொண்டு ரோலருக்குப் பக்கத்திலேயே சுற்றினார். மனைவி புது இடம் என்பதால் குனிந்து குனிந்து துணியைக் கொடுத்தாள். அவள் விரல்கள் கட்டைக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் போய்வந்தன. பெட்டியைத் திறந்து மாட்யூலைப் பார்த்தார். தொடர்பு விளக்கு பச்சையாக இருந்தது. மூச்சு வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பாகி, பச்சையாகி, மறுபடி சிவப்பாயிற்று. இந்தத் தடவை பச்சைக்குத் திரும்பவில்லை.

அவர் மெயினை நோக்கி ஓடினார். அவர் ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை. கைப்பிடியைக் கீழே இழுத்ததும் கூடம் முழுக்கச் சத்தம் அடங்கியது. ரோலர் மெதுவாக நின்றது. மனைவி இரண்டு கையிலும் விரிப்பைப் பிடித்தபடி, பத்து விரலோடும் நின்றுகொண்டிருந்தாள். அவர் எண்ணிப் பார்த்தார்.

என்ஜினியர் வந்தார். "என்னய்யா, மெயின் தானா டிரிப் ஆயிடுச்சா?"

ஆமாம் என்றால் தீர்ந்தது. வாய்வரை வந்துவிட்டது. "இல்ல சார். ஒண்ணு காட்டணும். எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்றார்.

கேபிளைச் சீண்டிச் சீண்டி விளக்கைப் பச்சைக்குக் கொண்டுவந்து ரோலரை ஓடவிட்டார். விரிப்பு ஒன்றை அதன் வாயில் கொடுத்தார். மாட்யூலிலிருந்து கேபிளைப் பிடுங்கினார். பிறகு ஒரு துடைப்பக் கம்பால் விரல் கட்டையை அழுத்தினார். ரோலர் ஓடியது. இன்னும் பலமாக அழுத்தினார். விரிப்பு முழுசும் உள்ளே போய் மறைந்த பிறகும் ரோலர் ஓடிக்கொண்டேயிருந்தது. அவரே மெயினை நிறுத்தி, பூட்டைப் போட்டு, சாவியை என்ஜினியரிடம் கொடுத்தார்.

என்ஜினியர் சாவியை உள்ளங்கையில் புரட்டிப் பார்த்தார். "இது எவ்வளவு நாளாத் தெரியும் உனக்கு?"

"ரெண்டரை வருஷமா சார்."

எதிர்பார்த்த முகம்தான். ஆனால் அதைப் பார்த்தபோது, இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்றுதான் தோன்றியது. என்ஜினியர் சத்தம் போட்டார், சீட்டைக் கிழிப்பேன் என்றார். அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். மனைவிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குமேல் அவருக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மடிக்கும் பகுதியிலிருந்து அக்கா காலை இழுத்து இழுத்து நடந்து வந்தாள். அவள் கோபமாகக்கூட இல்லை. ரோலரைப் பார்த்தாள், தன் கைகளைப் பார்த்தாள்.

"நேத்து வரைக்கும் இங்க நான்தானே தம்பி நின்னேன்?"

அவர் மாட்யூல் பெட்டியின் கதவை மூடினார். மனைவி கையிலிருந்த விரிப்பைக் கூடையில் போட்டுவிட்டு நடந்து வந்தாள். தன் பக்கம்தான் வருகிறாள் என்று நினைத்தார். அவள் போய் அக்காவின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"அக்கா கேக்கறாங்க இல்ல," என்றாள். "பதில் சொல்லுங்க."