பூபதியின் கையில் ஊர்க்காப்பு

செஸ்ஸில் தோற்றால் என் அண்ணன் பூபதிக்குக் கோபம் வராது. ஊர்க்காரர்களுக்குப் பதில் சொல்லித்தான் தலையைப் பிடித்துக்கொள்வான்.

மலைமேல் தேவனூர் நாட்டில் எங்கள் ஊர்ப் பள்ளியில் சும்மா கிடந்த செஸ் பலகையில் அவன் ஆடப் பழகினான். பிறகு போனில் ஆடினான். வீட்டில் சிக்னல் இல்லை. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில்தான் கிடைக்கும். எவனோ வெளிநாட்டுக்காரனோடு முக்கியமான கட்டத்தில் இருக்கும்போது வழியில் போகிறவர்கள் நின்றுவிடுவார்கள்.

"ஏஞ்சாமி, மரவள்ளி புடுங்க ஆளில்ல. நீ போன நோண்டிக்கிட்டு உக்காந்திருக்கற?"

மாநிலப் போட்டியில் ஜெயித்தபோது சேந்தமங்கலத்தில் அவனுக்கு பேனர் வைத்தார்கள். அதில் இருந்தது கேரம் போர்டு.

பிறகு சென்னையில் விடுதியில் தங்கிப் படித்தான், ஆடினான். கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு வேண்டிய தரப்புள்ளி வந்துவிட்டது. அதோடு மூன்று நார்ம் வேண்டும். பெரிய ஆட்டக்காரர்கள் வரும் போட்டியில் அவர்கள் அளவுக்கு ஆடிக் காட்டினால் ஒரு நார்ம். இரண்டு கிடைத்தன. மூன்றாவது அரைப் புள்ளியில் நழுவிக்கொண்டே இருந்தது. இந்த வைகாசியில் சென்னையில் ஒரு போட்டி வந்தது. அதற்கு முன் ஓய்வெடுக்க ஊருக்கு வந்தான். அங்கேதான் தப்பு நடந்தது.

அது மாரியம்மன் நோன்பு சமயம். ஊருக்காக ஒருவர் கையில் காப்பு கட்டுவார்கள். கட்டிக்கொண்டவர் நோன்பு முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. வருடாவருடம் ஊர்க்கவுண்டர் சென்றாயன் பெரியப்பாதான் கட்டிக்கொள்வார். இந்த முறை கோயிலில் எல்லோர் முன்னாலும் அவர் அண்ணனைக் கூப்பிட்டார்.

"வா கண்ணு. ஊருக்கே பேரு வாங்கித் தந்தவன். இந்த மருவாதி உனக்குத்தான்."

சின்ன வயதிலேயே வெளியே போனவனுக்கு நோன்பு விதி எங்கே தெரியும்? பாராட்டுக்கு மாலை போடுவதுபோல என்று நினைத்துக் கையை நீட்டிவிட்டான். மாவிளக்குத் தட்டோடு பின்னால் நின்ற நான் "அண்ணா, வேண்டாம்!" என்று கத்தினேன். மேளத்தில் யாருக்குக் கேட்கும்? பெரியப்பா தன் கையாலேயே காப்பைக் கட்டிவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் பெரியப்பாவிடம் ஓடினான்.

"எனக்குத் திங்கக்கெழமை போட்டிங்க, பெரியப்பா."

"அதான் தெனம் போனுல ஆடறயே. இங்கிருந்தே ஆடு."

"நேர்ல உக்காந்து ஆடுனாத்தாங்க கணக்கு!"

"காப்பு கட்டுனவன் எல்லை தாண்டக்கூடாதுன்னு தெரியாத மலைக்காரனும் உண்டா?"

அறுத்துப் போடு என்றேன் நான். அம்மா அத்தாயி அழுதாள். நாளைக்கு யார் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் எங்கள் வீட்டைத்தான் குறை சொல்வார்கள் என்றாள். அது உண்மைதான். பூசாரியைக் கேட்டோம். கட்டிவிட்ட பெரியப்பாவே அவிழ்த்துத் தன் கையில் கட்டிக்கொண்டால் குற்றமில்லை, வேறு கைக்கு மாறக்கூடாது என்றார்.

பெரியப்பா மாட்டேன் என்றார். ஏன் என்று கேட்டால் வேறு பேச்சுக்குத் தாவினார்.

ஞாயிறு காலை அண்ணன் என்னோடு அவர் வாசலுக்குப் போய் அவர் எதிரே உட்கார்ந்தான். பேசவில்லை. பலகையை முறைப்பதுபோல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் வெற்றிலை போட்டார், துப்பினார், எழுந்து போய் மாட்டைக் கட்டினார், திரும்பி வந்தார். அவன் அசையவில்லை.

"ஏதாச்சும் பேசித் தொலையேண்டா!"

அண்ணன் கண்ணை எடுக்காததும் அவரே சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கெழம எம்மவ பானுமதி நாமக்கல்லுல புது ஊட்டுல பால் காய்ச்சறா. அப்பன் வராம எப்படி? வருசா வருசம் நாந்தான் கட்டிக்கிறேன். ஒரு தடவ நான் எறங்கக்கூடாதா?"

 இதை முதலிலேயே சொல்லியிருந்தால் யார் தடுத்திருப்பார்கள்? மரியாதை என்று ஏன் சொல்ல வேண்டும்? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"இது எனக்குத் தெரியாதுங்க, பெரியப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணன் எழுந்தான். வாசல் தாண்டுவதற்குள் அவர் கூப்பிட்டார். வாய் நிறையத் திட்டிக்கொண்டே அவனைக் கோயிலுக்கு இழுத்துப்போய்க் காப்பை அவிழ்த்துத் தன் கையில் கட்டிக்கொண்டார். மத்தியான பஸ்ஸில் அண்ணன் மலை இறங்கினான்.

கடைசி ஆட்டத்தை டிரா செய்து மூன்றாவது நார்ம் வாங்கினான். திரும்பும்போது ஊருக்கு வராமல் நாமக்கல்லில் இறங்கி, பானுமதி அக்கா வீட்டுக்கு என்னையும் வரச் சொன்னான். அக்கா கதவைத் திறந்து அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பெரிய கிராண்ட்மாஸ்டரு! எங்கப்பன் இல்லாம என்னைய பால் காய்ச்ச வெச்சுட்டயேடா."

அவன் தலை குனிந்து நின்றான்.

"நின்னா ஆச்சா? கை கழுவிட்டு உக்காரு, சோறு ஆறுது."