கார்டுக்குப் போன குளிர்காற்று

வளைகுடாவில், ஜெபல் அலி தொழிலாளர் கேம்ப் அறையில் ஆறு கட்டில்கள், ஒரே ஒரு ஜன்னல் ஏசி. என் கட்டிலுக்கடியில், பழைய உதிரிகளைச் சேர்த்து நானே கட்டிய கம்ப்யூட்டர். குடோனில் அட்டைப்பெட்டி அடுக்கும் வேலையிலிருந்து தப்பிக்க எனக்கிருந்த ஒரே வழி அதுதான். புதுக் குடோன் ஒன்றை முப்பரிமாணத்தில் வரைந்து, அதற்குள் நடந்து போவதுபோல் காட்டினால் ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை தருவதாக எங்கள் எஞ்ஜினியர் சொல்லியிருந்தார். பத்து நாள் கழித்து வரும் வியாழக்கிழமை கெடு.

படத்தைக் கொஞ்சம் திருப்பினாலே கம்ப்யூட்டர் முக்கி முனகியது. பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. திரையில் படத்தை ஓட்டும் கிராஃபிக்ஸ் கார்டை அதன் சக்திக்கு மேல் முடுக்கிவிடும் ஓவர்கிளாக் வித்தையை நெட் சென்டரில் படித்துவிட்டு வந்து, வேகத்தை ஒரேயடியாக ஏற்றினேன். பத்து நிமிடம் பறந்தது. அப்புறம் முன்பைவிட மோசமாகத் திக்கியது.

மண்டை காய்ந்தது. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி போட்டேன். பக்கத்து அறையில் பவர் சப்ளையை இரவல் வாங்கி மாற்றிப் பார்த்தேன். தூசியை ஊதினேன். மூன்று நாள் வீணான பிறகுதான் திரையோரத்தில் சூட்டைக் காட்டிய எண் கண்ணில் பட்டது. அது ஓர் அளவைத் தொட்டதும், வெந்துபோகாமலிருக்க கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. பழைய வேகத்துக்கே இறக்கியிருந்தால் வேலை மெதுவாக நடந்திருக்கும், ஆனாலும் முடிந்திருக்கும். ஆசை யாரை விட்டது?

குடோன்காரனுக்கு எதற்கும் அட்டையும் டேப்பும்தான் தோன்றும். நாலு பெட்டிகளைப் பிரித்துக் குழாய்போல் ஒட்டி, ஏசியின் வாயிலிருந்து என் கட்டிலுக்கடிக்குக் கொண்டுபோனேன். எண் மளமளவென்று இறங்கியது. படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. சந்தோஷத்தில் கத்தியே விட்டிருப்பேன்.

கத்தவில்லை, எதிர்க்கட்டிலில், நான் அண்ணன் என்று கூப்பிடும் அறைவாசி படுத்திருந்தார். புதுக்கோட்டைப் பக்கம். கன்டெய்னர் யார்டில் நைட் டியூட்டி முடித்து வந்து, வெளிச்சம் படாமல் கட்டிலைச் சுற்றிக் கறுப்புப் போர்வை கட்டிக்கொண்டு தூங்குவார். எனக்கு மதியத்துக்கு மேல்தான் டியூட்டி என்பதால் காலையில் அறையில் நாங்கள் இருவர் மட்டும். பாலைவனம் கொதிக்கும் ஆகஸ்ட் மாதம். போர்வைக்குள் அவர் புரண்டுகொண்டே இருப்பது எனக்குக் கேட்டது. கேட்காததுபோல் இருந்தேன். டியூட்டிக்குக் கிளம்பும்போது அட்டைக்குழாயை மடித்து மறைத்துவிடுவேன்.

நாலாவது நாள், குழாயை மறைத்துவிட்டு நான் சட்டை மாட்டும்போது எழுந்து உட்கார்ந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

“காலைல ஏசி காத்தே வரல தம்பி. நீ போன பொறவுதான் செத்த கண்ணசருது.”

“கேஸ் கம்மியா இருக்குண்ணே, அதான் விட்டு விட்டு வருது. கேம்ப் பாஸ்கிட்ட சொல்லியிருக்கேன்.”

யோசிக்காமலே வந்தது அந்தப் பொய். அவர் நம்பினார்.

கெடுவுக்கு முந்தின நாள் விடியுமுன், யார்டில் கண் சொக்கி, மூடுகிற கன்டெய்னர் கதவில் கையைக் கொடுத்துவிட்டார். வலது கையில் மூன்று விரல்கள் போயின.

வியாழக்கிழமை படத்தைக் காட்டினேன். எஞ்ஜினியர் இரண்டு நிமிடம் பார்த்தார். “அச்சா, சனிக்கிழமை ஆபீஸ் வந்துடு” என்றார். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

கட்டுப்போட்ட கையை நெஞ்சின்மேல் வைத்துப் படுத்திருந்தார். விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பப் போவதாக கம்பெனி ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

“ஆபீஸ் வேல கெடச்சிருச்சா?”

தலையாட்டினேன். முகம் மலர்ந்து சிரித்தார்.

“ஏசியப் பத்தி கேம்ப் பாஸ்கிட்ட இன்னொரு தடவ சொல்லுப்பா. என் கட்டிலுக்கு வர்றவனாச்சும் நல்லாத் தூங்கட்டும்.”

“சொல்றேண்ணே” என்றேன்.